நாலாம் நம்பர் துருவி

செபாஸ்தியம்மாளை நடுவராகக் கூப்பிட்டதற்கு ஒரே காரணம், அவர் துருவின தேங்காய்களின் எண்ணிக்கைதான். திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பெண்கள் விடுதியில் அவர் சமையல்காரர். நூற்று நாற்பது பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் திரும்பும்போது முப்பத்தைந்து தேங்காய் துருவி முடிந்திருக்க வேண்டும். வால்பாறைக்கு எஸ்டேட் வேலைக்குப் போன புருஷன் திரும்பி வராததால் இருபத்தாறாவது வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். நான் சொல்லப்போகிற வருஷத்தில் அவருக்கு நாற்பத்தைந்து வயது. வலது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே காய்ப்பு ஏறி, பழைய செருப்புத் தோல் மாதிரி இருக்கும். அதில் முள் குத்தினால்கூடத் தெரியாது என்று விடுதிப் பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

அவரைப் பற்றித் திண்டுக்கல்லில் தவறான ஒரு பேச்சு உலவுகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு நடந்தது தெரியும். தெரிந்தும் யாரும் எழுதவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை, சம்பந்தப்பட்ட இருவரிடமும் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

1961ஆம் வருஷம், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிராமக் கைத்தொழில் நிலையம் ஒரு போட்டி வைத்தது. தென்கிழக்கு ஆசிய நாடுகளில் சாதாரண வீடுகளில் புழங்கும் சாமான் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைப் புதிதாக, நல்லபடியாக வடிவமைப்பவருக்குப் பரிசு. முதல் வருஷத்துக்குத் தேங்காய்த் துருவியைத் தேர்ந்தெடுத்தார்கள். பர்மாவிலும் சயாமிலும் மலாயாவிலும் ஜாவாவிலும் பிலிப்பைன்ஸிலும் தேங்காய் இல்லாத அடுப்படி இல்லை, இலங்கையையும் நம்மையும் சொல்லவே வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு.

இருபத்துமூன்று துருவிகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு உருப்படி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எந்த நாடு, யார் செய்தது என்பதை மறைத்து, தகரத்தில் நம்பர் அடித்துக் கட்டினார்கள். ஒன்று முயல் உட்கார்ந்திருப்பது போல, வாயிலிருந்து இரும்பு நாக்கு நீண்டு இருந்தது. ஒன்றை மேஜை விளிம்பில் திருகிவிட்டுக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். நாலாம் நம்பர் பார்வைக்கு ஒரு சின்ன மணைப்பலகை, அவ்வளவுதான். அதன் இரும்பு நாக்கு கீலில் மடங்கிப் பலகைக்கு அடியில் போய்விடும். வேண்டும்போது தூக்கினால் ஒரு கொக்கி 'டக்' என்று விழுந்து நாக்கைப் பிடித்துக்கொள்ளும். தவழும் பிள்ளை மேலே ஏறி விளையாடினாலும் பல் குத்தாது.

நடுவர்கள் ஐந்து பேர். நிலையத்தின் செயலாளர், மெட்ராஸிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர், சயாமிலிருந்து ஒரு பேராசிரியர், யாழ்ப்பாணத்தில் மனையியல் கற்பிக்கும் ஒரு அம்மையார், செபாஸ்தியம்மாள். முதல் நாள் கூட்டத்தில் மற்ற நால்வரும் ஆளுக்கு ஒரு மூடி துருவிப் பார்த்து அழகு, உறுதி, புதுமை என்று மார்க் போட்டார்கள். செபாஸ்தியம்மாள் மார்க் போடவில்லை. செயலாளர் கேட்டதற்கு, ஒரு மூடிக்கு எல்லாத் துருவியும் நல்ல துருவிதான், ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பதில் யாழ்ப்பாணத்து அம்மையாருக்குப் பிடித்துப்போயிற்று. மிகச் சிறந்த ஆறு துருவிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு உருப்படியை நிலையத்திலேயே வைத்துக்கொண்டு, மற்றதை ஆறு வீடுகளுக்குக் கொடுத்து இருபத்தெட்டு நாள் புழங்கச் சொல்வது என்று முடிவாயிற்று. நூறு மார்க்கில் நாற்பது அந்த வீடுகளின் கையில். அதைக் கவனித்து அறிக்கை கொடுப்பது செபாஸ்தியம்மாள் பொறுப்பு.

அந்த ஆறு வீடுகளும் எங்கள் சின்னாம்பட்டியில் இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் தினம் ஒரு தேங்காய் நிலையத்திலிருந்து வரும். எங்கள் பக்கத்தில் தென்னந்தோப்பு உண்டு என்றாலும் தோப்பு இருப்பவர்கள் வேறு, குழம்பில் தேங்காய் போடுகிறவர்கள் வேறு. தினம் ஒரு தேங்காய் என்பது பெரிய விஷயம்.

பெண்களிடம் மார்க் கேட்டால் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள் என்பது செபாஸ்தியம்மாளுக்குத் தெரியும். அதனால் ஒரு வழி செய்தார். ஆளுக்கு ஒரு காலிப் பவுடர் டப்பா கொடுத்தார். துருவி முடித்ததும், இன்றைக்குத் தொந்தரவு இல்லை என்றால் ஒரு புளியங்கொட்டையை உள்ளே போட வேண்டும். தொந்தரவு என்றால் போட வேண்டாம். கடைசியில் எண்ணிக்கொள்ளலாம். இதைவிட எளிதான ஏற்பாடு இருக்க முடியாது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

டப்பாவைக் கொடுத்த அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். அந்த வார்த்தைகள் எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கின்றன, ஏனென்றால் அவ்வளவு பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

"இது கடல் தாண்டி வந்த சாமான், தாயி. ஒங்கள நம்பித்தான் கேட்டு வாங்கியாந்திருக்கேன். பதனமா வச்சுக்கங்க. ஒண்ணு கெட்டுப்போச்சுன்னாலும் எனக்குத்தான் தலைகுனிவு."

விடுதியில் ஒரு கரண்டி காணாமல் போனாலும் பதில் சொல்லிப் பழகின பெண் வேறு எப்படிப் பேசுவார்? அது தப்பென்று அப்போது அவருக்கும் தோன்றவில்லை, கேட்டவர்களுக்கும் தோன்றவில்லை.

நாலாம் நம்பர் முத்துப்பேச்சி வீட்டுக்கு வந்தது. அவள் எனக்கு மதினி முறை. அப்போது இருபத்துமூன்று வயது, கைக்குழந்தைக்காரி. புருஷன் சோலைமுத்து வண்டி ஓட்டுகிறவர். முத்துப்பேச்சிக்குப் பூக்கட்டுவதுதான் வேலை. தோட்டத்திலிருந்து வரும் மல்லிகையையும் கனகாம்பரத்தையும் நாரில் ஏற்றித் தொடுத்துத் தருவாள். அவள் தொடுத்தால் பூ நெருக்கமாக நிற்கும், நார் தெரியாது. வேகத்தில் எங்கள் ஊரில் அவளுக்கு ஜோடி கிடையாது. பேசிக்கொண்டே, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே, கையைப் பார்க்காமலே கட்டுவாள்.

செபாஸ்தியம்மாள் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸில் வந்து ஆறு வீடும் பார்த்துப் போனார். எல்லா வீட்டிலும் துருவி பளபளவென்று இருந்தது. எல்லா டப்பாவிலும் கொட்டை குலுங்கியது. நாலாவது சனிக்கிழமை முத்துப்பேச்சியின் வலது கையில் துணி சுற்றியிருந்ததையும் பார்த்திருக்கிறார். கேட்டதற்கு, புல் அறுக்கும்போது அரிவாள் பட்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார்.

இருபத்தெட்டு நாள் முடிந்து எண்ணிப் பார்த்தபோது ஐந்து டப்பாக்களில் இருபத்தாறு, இருபத்தேழு என்று இருந்தன. நாலாம் நம்பருக்கு இருபத்தெட்டு. ஆறு வீட்டில் ஒரு வீட்டிலாவது பத்துக் கொட்டை குறைந்திருந்தால் அது இயற்கை. எல்லாமே நிறைந்திருந்ததைப் பார்த்து அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவர் சந்தோஷப்பட்டார். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு நாலாம் நம்பரைப் போல வேறொன்று இல்லை என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மற்ற நடுவர்களின் மார்க்கிலும் அதுதான் முன்னால் நின்றது. சித்திரை மாதத்தில் விழா என்று தேதி வைத்து, நடுவர்கள் பெயரோடு நானூறு விழாமலர் அச்சடித்தாயிற்று.

விழாவுக்கு முந்தைய நாள், துருவிகளைக் காட்சிக்கு அடுக்குவதற்காகச் செபாஸ்தியம்மாளை வரச் சொல்லியிருந்தார்கள். முத்துப்பேச்சி வீட்டிலிருந்து திரும்பின நாலாம் நம்பரைத் துடைக்கும்போது கீலில் விரல் தடவியது. நிலையத்தில் இருந்த ஜோடியின் கீலில் பித்தளை ஆணி, தலை தட்டையாக. இதில் வண்டிக்கு அடிக்கிற இரும்பு ஆணி. தலை உருண்டு, சுத்தியல் அடித்த வடுவோடு இருந்தது. பெரிய யோசனை எதுவும் தேவைப்படவில்லை. சோலைமுத்து வண்டிக்காரர் என்பதும், துணி சுற்றின கையும் அவருக்கு ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தன. அடுக்கினதை அப்படியே விட்டுவிட்டு எங்கள் ஊருக்கு நடந்து வந்தார். இரண்டரை மைல்.

முத்துப்பேச்சி பூக்கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கட்டிக்கொண்டிருந்தது மாமியார். அவள் இடது கையால் பூவை எண்ணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமியார் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து போகும் வரை செபாஸ்தியம்மாள் வெயிலையும் விலைவாசியையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு கையைக் காட்டச் சொன்னார். கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டுப் பக்கம் வரை பல் பல்லாகக் கிழித்த தழும்பு. புண் சீழ் வைத்து ஆறியிருந்தது. கட்டைவிரலை மடக்கு என்றார். அது மடங்கவில்லை.

"அருவா பல்லு பல்லாவா வெட்டும்?"

முத்துப்பேச்சி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். பத்தொன்பதாவது நாள் அது. கொக்கி விழுந்த சத்தம் கேட்டது. நம்பி அழுத்தித் துருவினாள். நாக்கு சட்டென்று கீழே போய், மூடி வழுக்கி, கை பல்லின்மேல் விழுந்துவிட்டது. கீல் ஆணியும் தெறித்துவிட்டது. ராத்திரிக்குள் சோலைமுத்து வேறு ஆணி அடித்துச் சரிசெய்துவிட்டார். ஊரில் ஒருவர் பச்சிலை வைத்துக் கட்டினார்.

"எங்கிட்ட ஏம்புள்ள சொல்லல?"

"கெட்டுப்போச்சுன்னா ஒங்களுக்குத் தலைகுனிவுன்னு நீங்கதானக்கா சொன்னீக. ஒங்களுக்காகத்தான் சொல்லல."

இன்றைக்கும் அந்த ஒரு வார்த்தையைத்தான் செபாஸ்தியம்மாளால் தாண்ட முடியவில்லை.

நாளைக் காலையில் நிலையத்துக்கு வந்து கையை மட்டும் காட்டு, வேறு ஒன்றும் பேச வேண்டாம், பரிசு நின்றுவிடும் என்று அவர் கெஞ்சினார். முத்துப்பேச்சி முடியாது என்றாள். அவள் பயந்தது கைக்காக இல்லை. கை கிழிந்த பிறகு துருவியை அவள் தொடவே இல்லை, பரண்மேல் வைத்துவிட்டாள். ஆனால் நிலையத்திலிருந்து தேங்காய் ஒன்பது நாள் வந்துகொண்டிருந்தது.

"கை போச்சுன்னு நாலு பேருக்கு முன்னால சொல்லிருவேங்க்கா. அதுக்கப்புறமும் ஒம்பது தேங்காய வாங்கித் தின்னுட்டு, தெனமும் கொட்டையப் போட்டேனே, அத எந்த மூஞ்சிய வச்சுச் சொல்ல? அத்தைக்கே அருவான்னுதான் தெரியும். எம்பேரு அங்க வரக்கூடாது. சத்தியம் பண்ணிக் குடுங்க."

கிழிந்த கையையே நீட்டினாள். அந்தக் கையில் அடித்து, அந்தோணியார்மேல் ஆணையாக உன் பேரைச் சொல்லமாட்டேன் என்று செபாஸ்தியம்மாள் சத்தியம் செய்தார். வேறென்ன செய்வது என்று அப்போது தெரியவில்லையாம்.

மறுநாள் காலை நடுவர்கள் கூடினார்கள். மாலை நாலரைக்கு விழா. பந்தல்காரர்கள் வெளியே கட்டிக்கொண்டிருந்தார்கள். செபாஸ்தியம்மாள் எழுந்து, நாலாம் நம்பர் ஒரு பெண்ணின் கையைக் கிழித்துவிட்டது, அதற்குப் பரிசு கொடுக்கக்கூடாது என்றார். எந்தப் பெண் என்று கேட்டார்கள். சொல்ல மாட்டேன் என்றார். செயலாளர் அறிக்கையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அன்றைக்கு ஜில்லா அதிகாரிகள் வருவதாக இருந்தது, அதனால் அவசரத்தில் இருந்தார். இருபத்தெட்டு நாளைக்கு இருபத்தெட்டுக் கொட்டை என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறதே அம்மா என்றார். அந்தக் கொட்டையில் கடைசிப் பத்தும் பொய் என்று செபாஸ்தியம்மாள் சொல்லியிருந்தால் யார் போட்ட பொய் என்ற கேள்வி வந்திருக்கும்.

வாயால் முடியாததைக் கையால் காட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது. நிலையத்திலேயே இருந்த ஜோடியை, ஒருவரும் கை வைத்துப் பழுது பார்க்காததை, எடுத்துக் கீழே வைத்து உட்கார்ந்தார். கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு துருவ ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, ஐந்து. கொக்கி அசையவில்லை. ஒன்பது காய் ஆயிற்று. இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சயாம் பேராசிரியர் குனிந்து பார்த்துத் தலையாட்டி ரசித்தார். செபாஸ்தியம்மாள் வேர்த்து வழிந்து, தான்தான் ஏதோ தப்பாகச் சொல்கிறோமோ என்றுகூட நினைத்துவிட்டாராம்.

அப்போது நிலையத்துச் சிப்பந்தி அம்மாள் தேங்காய்ப்பூத் தட்டை எடுக்க வந்தவள், வழக்கம்போல ஒரு ஈரத்துணியால் துருவியைத் துடைத்தாள். செபாஸ்தியம்மாளுக்கு அங்கேதான் விளங்கியது. வீட்டில் யாரும் துணியால் துடைப்பதில்லை. அடுப்புச் சாம்பலை அள்ளி, தேங்காய் நாரால் தேய்த்து, கழுவி, வெயிலில் வைப்பார்கள். அதிலும் கடல் தாண்டி வந்த சாமான் என்று சொல்லிக் கொடுத்ததால் ஆறு வீட்டிலும் ஒன்றுக்கு இரண்டு தடவை தேய்த்திருப்பார்கள். அந்தப் பளபளப்பை அவரே சனிக்கிழமைதோறும் பார்த்து மெச்சியிருக்கிறார்.

சாம்பல் கொண்டுவரச் சொன்னார். நாலு தடவை தேய்த்துக் கழுவி, நாலு தடவை வெயிலில் காயவைத்தார்கள். அதற்குள் மணி பன்னிரண்டு. திரும்ப உட்கார்ந்து நாக்கைத் தூக்கினார். 'டக்' என்று கொக்கி விழுந்தது. எல்லாரும் கேட்டார்கள். மூன்றாவது மூடியில் நாக்கு கீழே சரிந்தது. சாக்குத் துணி பல்லில் மாட்டிக் கிழிந்தது.

யாழ்ப்பாணத்து அம்மையார் எழுந்து நின்றுவிட்டார். இன்ஜினியர் கொக்கிக்குள் குச்சியை விட்டு நோண்டினார். சாம்பலும் தேங்காய்ப் பிசினும் சேர்ந்து சிமெண்டு மாதிரி உறைந்து, கொக்கி முக்கால்வாசிதான் இறங்கியிருந்தது. இந்தத் துருவியை உலர்ந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும் என்று செய்தவர் இங்கிலீஷில் எழுதி அனுப்பியிருக்கிறார், அந்தத் தாள் கோப்பில் இருக்கிறது என்றார் இன்ஜினியர்.

"சாம்பலத் தின்னக் குடுத்தா எந்த மிஷினும் செத்துத்தாம்மா போகும்."

"எங்க வீடுகள்ல சாம்பல விட்டா வேற என்னங்கய்யா இருக்கு? அந்தக் காயிதம் இங்கயே இருந்துச்சே, வீட்டுக்கு வரலையே."

இன்ஜினியர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சயாம் பேராசிரியர் இங்கிலீஷில் சொன்னதை அம்மையார் தமிழில் சொன்னார். பரிசு யோசனைக்குத்தான், நாக்கை மடக்குவது என்பது இதுவரை எந்த நாட்டிலும் யாரும் நினைக்காத யோசனை, கொக்கியைத் திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதினால் போதும் என்பது அவர் எண்ணம். செயலாளருக்கு அது வசதியாக இருந்தது. வீட்டுச் சோதனையின் நாற்பது மார்க்கை மாற்ற வேண்டுமானால் வீட்டுக்காரப் பெண் வந்து சொல்ல வேண்டும், அதுதான் விதி என்றார்.

அம்மையார் செபாஸ்தியம்மாளைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார்.

"நீங்கள் சொல்லுறது எனக்கு நல்லா விளங்குது. அந்தப் பிள்ளை ஒருக்கா வந்து நின்றால் காணும். ஏன் கூட்டிக்கொண்டு வரேலாது?"

"சத்தியம் பண்ணிட்டேம்மா."

"இந்தச் சாமான் இன்னும் எத்தனை கையைக் கிழிக்கும் என்று யோசிச்சீங்களோ?"

யோசித்திருந்தார். ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்திருந்தார். ஒரு பெயரைச் சொன்னால் போதும். இரண்டரை மைலில் அந்த வீடு. ஜீப்பை அனுப்பினால் அரை மணியில் வந்து நிறுத்திவிடுவார்கள். நானூறு பேருக்கு நடுவில், மடங்காத விரலோடு, ஒன்பது தேங்காய்க்குப் பதில் சொல்லிக்கொண்டு முத்துப்பேச்சி நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளைப் பொய் சொல்ல வைத்தவளே இப்போது அந்தப் பொய்க்காக அவளைக் கூட்டத்தில் நிறுத்துவதா என்று அவருக்குத் தோன்றியது. அது சரியா தப்பா என்று என்னிடம் கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

மூன்றுக்கு இரண்டு என்று நாலாம் நம்பருக்கு முதல் பரிசு முடிவாயிற்று. தீர்ப்புத் தாளில் நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். எதிராகச் சொன்ன அம்மையாரும், பெரும்பான்மைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று போட்டார். செபாஸ்தியம்மாள் போடவில்லை. போடாதது மட்டும் இல்லை, விழாமலரில் இருந்த தன் பெயரையும் எடுத்துவிட வேண்டும் என்றார். அச்சடித்ததை எப்படி எடுப்பது என்று செயலாளர் கேட்டார். கையெழுத்துப் போடாதவருடைய பெயரை நடுவர் என்று வெளியிட முடியாது என்று அம்மையார் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார்.

அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் ஒரு அறையில் உட்கார்ந்து, பேனாவும் மைக்கூடும் வாங்கிக்கொண்டு, நானூறு புத்தகத்திலும் முதல் பக்கத்தைப் பிரித்து, தன் பெயரின்மேல் கோடு போட்டார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கோடு சில இடத்தில் கோணியது, சில இடத்தில் மை அடுத்த பெயர்வரை ஊறிவிட்டது. கடைசிப் புத்தகம் முடியும்போது வெளியே ஒலிபெருக்கி பாட ஆரம்பித்துவிட்டது. விழாவைப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டார். நாலாம் நம்பரைச் செய்தவர் பிலிப்பைன்ஸ் தீவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் என்பது மேடையில் சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் வரவில்லை. அவர் சார்பில் வேறு யாரோ கேடயம் வாங்கினார்கள்.

நடுவர் பட்டியலில் ஒரு பெயர் மட்டும் அடித்திருந்தால் ஊர் என்ன நினைக்கும்? திண்டுக்கல் முழுக்க அது பரவியது. ஏதோ ஒரு நாட்டுக்காரன் பட்டுச்சேலை கொடுத்து மார்க் கேட்டானாம், வாங்கிக்கொண்டாளாம், கண்டுபிடித்துப் பெயரை அடித்துவிட்டார்களாம். கோயில் வாசலில் இஞ்ஞாசியம்மாள் என்ற ஒரு பெண்மணி, சேலை என்ன நிறம் என்று அவரையே கேட்டிருக்கிறார். விடுதித் தலைவியான சிஸ்டர் கூப்பிட்டு விசாரித்தார். செபாஸ்தியம்மாள், நான் ஒன்றும் வாங்கவில்லை சிஸ்டர், அதற்குமேல் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் களஞ்சியச் சாவி வேறொருவர் இடுப்புக்குப் போயிற்று.

இது முத்துப்பேச்சி காதுக்கு ஆடி மாதத்தில்தான் வந்தது. பூச்சந்தைக்குப் போன சோலைமுத்து கேட்டுவிட்டு வந்து சொன்னார். அன்று ராத்திரி அவள் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் நாலு வார்த்தை திட்டினாள், பிறகு கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அழுதாள் என்று சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை முத்துப்பேச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு விடுதிக்குப் போனாள். செபாஸ்தியம்மாள் அப்போது தேங்காய் துருவிக்கொண்டிருந்தாராம்.

"வாங்கக்கா, போவோம். நானே சொல்றேன்."

"பரிசெல்லாம் குடுத்து மூணு மாசமாச்சு புள்ள."

"பரவால்ல, வாங்க."

இரண்டு பேரும் போனார்கள். செயலாளர் உட்காரவைத்து, எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். ஒன்பது தேங்காயைப் பற்றி அவள் சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அதை விடும்மா என்றார். அவ்வளவுதான். அவள் அத்தனை பயந்தது அந்த இரண்டு வார்த்தைக்குள் முடிந்துவிட்டது. விழா நாளிலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது, ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிலிப்பைன்ஸுக்குக் கடிதம் எழுதுவதாகச் செயலாளர் சொன்னார். எழுதினாரா, அங்கே போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. அடுத்த வருஷம் போட்டியே நடக்கவில்லை.

முத்துப்பேச்சியின் விரல் மடங்கவில்லை. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், நரம்பு அறுந்து நாளாகிவிட்டது என்றார்கள். இப்போது அவள் உதிரிப்பூவை மட்டும் படியால் அளந்து விற்கிறாள்.

இதை எழுத எனக்கு வேறு ஒரு காரணமும் உண்டு. சென்ற வருஷம் திண்டுக்கல் கடைத்தெருவில் பாத்திரக்கடைகளில் மடக்குத் துருவி விற்பனைக்கு வந்துவிட்டது. கேடயம் வாங்கின துருவியைப் பார்த்து உள்ளூர்ப் பட்டறையில் யாரோ அப்படியே செய்திருக்கிறார்கள். 'பரிசு பெற்றது' என்று தாள் ஒட்டியிருக்கிறது. கொக்கி அதே கொக்கிதான். செபாஸ்தியம்மாள் அதைப் பார்த்த அன்று கடைக்காரரிடம் சொல்லிப் பார்த்தார். வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள், உனக்கென்ன என்று கேட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் விடுதிக்குக் காய்கறி வாங்க வரும்போது அந்தக் கடை வாசலில் செத்த நேரம் நிற்கிறார். மடக்குத் துருவியைக் கையில் எடுக்கும் பெண்களிடம் போய், சாம்பல் போட்டுத் தேய்க்காதே, சத்தத்தை நம்பாதே, நாக்கைத் தூக்கினதும் கொக்கியை விரலால் அழுத்திப் பார் என்று செய்து காட்டுகிறார். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர் இந்த அம்மாள் யார் என்று கடைக்காரரைப் பார்க்கிறார்கள். போன வாரம் நானும் அங்கே இருந்தேன். இரண்டு பெண்கள் கேட்டுவிட்டுத் துருவியைக் கீழே வைத்தார்கள். மூன்றாவது பெண் வாங்கிக்கொண்டு போனாள். அவள் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறும் வரை செபாஸ்தியம்மாள் பின்னாலேயே போய், ஜன்னல் வழியாக இன்னொரு தடவை சொல்லிவிட்டு வந்தார்.